நாவலில் இருந்த சன்னல்

விளாங்குடியைத் தாண்டி, வயல்கள் மிஞ்சியிருக்கும் இடத்தில் அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பழைய நாவல் ஒன்றில் வரும் வீடு அது. அந்தக் கதையில் மனிதர்கள் எதையும் முடிவு செய்வதில்லை, வீடுதான் செய்யும். தெற்கு அறைச் சன்னலில் ஒருத்தி எந்நேரமும் நிற்பாள். விடுதலைக்கான ஏக்கம் என்று அதைப் புரிந்துகொண்டிருந்தேன்.

“நாவலுக்கு வாடகை குடுக்குற ஒரே ஆளு நீங்கதான்,” என்று சிரித்தாள் என் மனைவி பவதாரிணி.

தெற்கு அறையில் சன்னல் இல்லை. அடைத்துப் பூசிய தடம் மட்டும் இருந்தது. திறக்கச் சொன்னேன்.

“சன்னலா அண்ணே இது? தரை வரைக்கும் இருக்கே,” என்றார் கொத்தனார் சின்னான்.

நான் நாவலை நம்பினேன்.

திறந்ததும் ஈரமண் வாசனை வந்தது. வெளியே வரப்புகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன.

பவதாரிணி பேச்சைக் குறைத்தாள். எனக்கு மௌனம் பிடிக்கும். அதனால் கவனிக்கவில்லை. பிறகு சாப்பிடுவதும் குறைந்தது. மதியங்களில் திறப்பின் ஓரமாகவே நின்றாள்.

“என்ன பாக்குற?”

திரும்பாமல் கிசுகிசுத்தாள்.

“பாக்கலீங்க. வழி விட்டு நிக்கிறேன்.”

அன்று பழங்காநத்தத்திலிருந்து வீட்டுக்காரி சீனியம்மாள் வந்தார். அறையை எட்டிப் பார்த்தவர் உள்ளே வரவில்லை.

“எவன்யா இதத் தெறந்தது?”

“பழைய சன்னல்தானேம்மா...”

“சன்னலா? இந்த வீட்டுல ஒருத்தி அடைப்பு நட்சத்திரத்துல செத்தா தம்பி. வாசல் வழியாத் தூக்கக் கூடாதுன்னு சுவத்த ஒடச்சுக் கொண்டுபோனாக. திரும்பி வர வழி தெரியக் கூடாதுன்னு அன்னைக்கே பூசுனாக. கதை எழுதுனவன் தடத்தப் பாத்துட்டு சன்னல்னு எழுதிட்டான். நீயும் படிச்சிட்டு வந்துட்ட.”

குரலைத் தாழ்த்தினார்.

“பொண்டாட்டியக் கூட்டிட்டு இப்பவே கெளம்பு.”

நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் அவள் அண்ணன் சிவபாண்டி வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்திருந்தேன். அது சூடேறவே இல்லை.

“வாங்க மாப்ள. உள்ள வா பவா.”

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. வீட்டின் பக்கவாட்டில், சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

“ஏ பிள்ள, வாசல் இங்கிட்டு இருக்கு.”

ஓரிடத்தில் நின்றாள்.

சுவரை ஒட்டி, வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். யாரோ வந்து சுவரை உடைப்பார்கள் என்பதுபோல் காத்திருந்தாள்.

அவளுடைய கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியதுபோல் ஒட்டியிருந்தன.

நானும் சிவபாண்டியும் பிரிக்கப் பார்த்தோம்.

முடியவில்லை.