ஆறு லட்சத்துக் காபி மெஷின்

சமையலறையிலிருந்து காபித் தம்ளர்களோடு வெளியே வந்த அம்சவள்ளிக்கு, கூடத்தில் எல்லோரும் தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே புரிந்துபோயிற்று. மாமியார் குப்பம்மாள் வெள்ளனே எழுந்து தலைகூடச் சீவாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் சிவமுருகன் கையில் செல்போன். அவன் மனைவி ஷர்மிளா கதவில் சாய்ந்திருந்தாள். அம்சவள்ளியின் கணவன் சேனாதிபதி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, மலைமேலிருந்த மூஞ்சிக்கல் கடைவீதியில் இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, அந்தக் காபி மெஷின எவ்வளவுக்குக் குடுத்தீங்க?" என்றான் சிவமுருகன்.

"இருபத்தெட்டாயிரம் தம்பி."

அவன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதப் பாருங்க. அதே மெஷின். புதுசு ஆறு லட்சத்து நாப்பதாயிரம். பாதி வெலைக்குத் தள்ளியிருந்தாலும் மூணு லட்சம் வந்திருக்கும்."

"மிச்சம் எங்கடி போச்சு?" என்றாள் குப்பம்மாள்.

வீட்டின் முன்பாகத்தில்தான் கடை. காலி செய்துகொண்டு போகிறவர்களின் பங்களாக்களிலும் ஓட்டல்களிலும் பழைய சாமான் வாங்கி விற்கும் தொழிலை ஆரம்பித்தவர் அம்சவள்ளியின் மாமனார். ஒவ்வொரு சாமானிலும் ஓர் அட்டை தொங்கவிடுவார். மேலே புதுசின் விலையை எழுதிச் சிவப்பு மையால் அடித்திருப்பார். கீழே கடை விலை. பழைய ஹீட்டருக்கு நாலாயிரமா என்று முகம் சுளிப்பவன்கூட, மேலே அடிபட்டுக் கிடக்கும் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்ததும் லாபம் அடித்த சந்தோஷத்தோடு தூக்கிக்கொண்டு போவான். அவர் காலமான பிறகு ஒன்பது வருஷமாகக் கடையைக் கவனித்தவள் அம்சவள்ளி. நல்ல சாமானுக்கு அவளும் அந்த அட்டையைத்தான் தொங்கவிட்டாள். பழுதான சாமானுக்கு மட்டும் புது விலையை எழுத மாட்டாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டவர்கள் அதன்பிறகு சாமானைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அந்த மெஷின் வட்டக்கானல்ல பூட்டிக் கெடந்த ஒரு கடையோடது தம்பி. உள்ள தண்ணிய வடிக்காமலே போயிட்டாங்க. தை மாசப் பனியில தண்ணி உறைஞ்சு பாய்லர் வெடிச்சுப் போச்சு. வெறும் உதிரிக்குத்தான் ஆகும்னு சொல்லித்தான் கோயம்புத்தூர்க்காரருக்குக் குடுத்தேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "உங்க அண்ணனும் கூட இருந்தாங்க. கேட்டுப் பாருங்க."

சேனாதிபதி இருந்தான் என்பது மட்டுமல்ல. மெஷினைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்ததே அவன்தான். வெடிப்புக்குள் விரலை விட்டு, "இது சோலி முடிஞ்சது அம்சா" என்று சொன்னதும் அவன்தான்.

"என்னடா?" என்றாள் குப்பம்மாள்.

அவன் திரும்பினான். தாயைப் பார்த்தான். சென்னை ஓட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து, கடையைத் தன்னிடம் தரும்படி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"நான்... சரியாக் கவனிக்கலம்மா."

அம்சவள்ளி காபித் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"இவ பொறந்த ஊரு பள்ளங்கியில இவ தம்பி ஈஸ்வரன் எப்படிக் காரை வீடு கட்டுனான்னு இப்பத்தான புரியுது," என்றாள் குப்பம்மாள். "ஷர்மிளா, இவ பெட்டியத் தொற."

எல்லோர் கண்ணெதிரிலும் பெட்டி திறக்கப்பட்டது. சேலைகள், உள்பாவாடைகள், அவள் சிறுமியாக இருந்தபோதே இறந்துபோன அம்மாவின் ஒரே புகைப்படம், எல்லாம் தரையில் விழுந்தன. பணம் இல்லை. நகைப் பெட்டியும் காலியாக இருந்தது.

"எட்டுப் பவுனு எங்கடி? அதையும் தம்பிக்குக் குடுத்துட்டியா?"

சிவமுருகனின் கேட்டரிங் படிப்பு கடைசி இரண்டு வருஷம் பணமில்லாமல் நின்றுபோக இருந்தபோது அந்த நகைகள் போயின. 'நான் சீட்டு எடுத்துக் கட்டுனதா இருக்கட்டும். உன் நகைன்னு தெரிஞ்சா அவன் கூசிப்போவான்' என்று சேனாதிபதிதான் கேட்டுக்கொண்டான். அவளும் சரி என்றாள். இப்போது மறுபடியும் அவனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

அவள் குனிந்து அம்மாவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டாள். மெஷின் விஷயத்தையே கேட்காதவர்கள் இதையா நம்பப்போகிறார்கள்?

"எட்டுப் பவுனோட வந்தவ புத்தி அவ்வளவுதான் இருக்கும்," என்றாள் குப்பம்மாள். "அறுபது பவுனோட வந்த ஷர்மிளா எப்படி அடக்கமா நிக்கிறா பாரு." கடைச் சாவி அன்றே சிவமுருகன் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு மூன்று மாதம். அவள் சமைத்தாள், துவைத்தாள். கடைப் பக்கம் போகக்கூடாது. காய்கறி வாங்கக் கிளம்பினால் வாசலில் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோயிலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவள் வந்ததும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இரவில் சேனாதிபதி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் பொறு அம்சா" என்பான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சிவமுருகன் கெட்டவன் அல்ல. புது விலையை நம்பினான், அவ்வளவுதான். மூடப்பட்ட ஒரு ரிசார்ட்டின் சாமான்களை, பில்களைப் பார்த்து, பில் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து மொத்தமாக வாங்கிப் போட்டான். லட்ச ரூபாய் தோல் சோபா, எழுபதாயிரத்து மெத்தை. அப்பா காலத்து எழுத்துப்போலப் பெரிய பெரிய எண்களாக அட்டையில் எழுதிச் சிவப்பு மையால் அடித்தான். ஆடி மழை பிடித்துக்கொண்டது. சோபாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. வருகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஆவலாக உட்காருவார்கள், நாற்றத்தில் உடனே எழுந்துவிடுவார்கள். ஒரு லாட்ஜ் முதலாளி மட்டும் சொல்லிவிட்டே போனார்: "மேல எழுதியிருக்கது மொத வாங்குனவன் ஏமாந்த வெல தம்பி. அதுல பங்கு போட்டு நான் எதுக்கு ஏமாறணும்?"

புரட்டாசி பிறந்த வாரம் கோயம்புத்தூர் மயில்சாமி வந்தார். காபி மெஷினை வாங்கிப்போனவர் அவர்தான். குப்பம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாய்யா. ஆறு லட்சத்து மெஷின இருபத்தெட்டாயிரத்துக்கு அமுக்கிட்டுப் போனவன்தான நீ? எங்க வீட்டுக் கள்ளிக்கு எவ்வளவு தள்ளுன?"

மயில்சாமிக்கு முகம் செத்துவிட்டது. "யாருங்க கள்ளி? அந்த அம்மாவுங்களா? ஏனுங்க இப்படிப் பேசறீங்க? அதுல எனக்கு ரெண்டு பம்பும் நாலு வால்வும்தானுங்க தேறுச்சு. வெடிச்ச பாய்லரைக் காயலான் கடையில போட்டேன். நான் அவசரப்பட்டு நாப்பதாயிரம்னு கேட்டுப்போட்டேனுங்க. அந்த அம்மாதான், இருங்க, உள்ள பாத்துப்போட்டு வெலை பேசுங்கன்னாங்க." அவர் கை சேனாதிபதியின் பக்கம் நீண்டது. "இந்த அய்யாதானுங்களே டார்ச் அடிச்சு, வெடிப்புல விரலை விட்டுக் காமிச்சாரு?"

உள்ளே அட்டை எழுதிக்கொண்டிருந்த சிவமுருகன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அண்ணே..." என்றான் சிவமுருகன்.

சேனாதிபதி பூஞ்சணம் பிடித்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா மதினி பெட்டியக் கொட்டுனப்பப் பாத்துக்கிட்டு நின்னீங்க?" சிவமுருகன் அண்ணன் முன்னால் வந்து நின்றான். "அப்ப அந்த நகை?"

"நீ படிச்ச கடைசி ரெண்டு வருசம்டா..." என்றான் சேனாதிபதி.

சிவமுருகன் சமையலறைக்கு ஓடினான். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்சவள்ளியின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "உங்க நகையில படிச்சுட்டு உங்களயே திருடின்னு சொன்னேனே மதினி... நான் மனுசனே இல்ல." அவள் அவனைத் தூக்கி நிறுத்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்று மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அழாதய்யா. நீ தெரியாமச் செஞ்ச."

பின்னாலேயே குப்பம்மாள் வந்தாள். சாவிக்கொத்தை அம்மியின் மேல் வைத்தாள். "சரி சரி. நாளையிலருந்து நீயே கடையத் தொற. சாமானெல்லாம் கெட்டுக் கெடக்கு."

அவ்வளவுதான். வருத்தமாக ஒரு வார்த்தை இல்லை.

அம்சவள்ளி சாவியைத் தொடவில்லை. உரித்த அவரையை மூடி வைத்தாள். கை கழுவினாள். சேலைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

"திமிரப் பாரு," என்றாள் குப்பம்மாள்.

பேருந்து நிறுத்தம்வரை சேனாதிபதி தூறலில் நனைந்துகொண்டே கூட வந்தான். "அம்மா முன்னால எனக்கு வாய் வரல அம்சா. மன்னிச்சிரு."

"தம்பிய மன்னிக்க முடிஞ்சது. உங்கள முடியலங்க."

"வரவே மாட்டியா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "திருட்டுக் காசுல வீடு கட்டுனான்னு ஈஸ்வரனுக்குப் பேராயிருச்சு. வார ஞாயித்துக்கெழம பள்ளங்கிக்கு வாங்க. அந்தத் தெருவுல நின்னு, நாலு பேரு கேக்க, நடந்ததச் சொல்லுங்க. பொறவு பேசுவோம்." பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளங்கியில் நின்ற எந்த பஸ்ஸிலிருந்தும் சேனாதிபதி இறங்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு சிவமுருகனும் ஷர்மிளாவும் இறங்கினார்கள். ஈஸ்வரன் வீட்டு வாசலில், பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்க, சிவமுருகன் ஒன்றுவிடாமல் சொன்னான். தான் சுமத்திய பழியையும் சொன்னான், அந்த எட்டுப் பவுனையும் சொன்னான். ஷர்மிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவன் முடிக்கும்வரை அம்சவள்ளி வாசல்படியில் அசையாமல் நின்றிருந்தாள்.

"உங்க அண்ணன்?" என்று கேட்டாள்.

சிவமுருகன் தலைகுனிந்தான். "அம்மா போகக்கூடாதுன்னுட்டாங்க மதினி."

அவள் ஒரு கணம் சாலையைப் பார்த்தாள். பிறகு ஷர்மிளாவின் கையைப் பிடித்து, "உள்ள வா தாயி. பசியோட வந்திருப்பீங்க. வெரசா உலை வைக்கிறேன்" என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.