நாளைக்கு மாற்ற வேண்டிய கட்டு

"செத்துப் போனவங்களுக்குப் புண்ணு ஆறுமாம்மா?"

நர்ஸின் மகள் சின்ன வயதில், சிராய்த்த முழங்காலை நீட்டிக்கொண்டு இப்படிக் கேட்டாள். "அவங்களுக்குத்தான் வலிக்காதே கண்ணு, அப்புறம் ஆறினா என்ன, ஆறலேன்னா என்ன?" என்று மருந்தைத் தடவிவிட்டு நர்ஸ் அதை மறந்துபோனாள். தேசிய அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், ஓவியக்கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் காலை வைத்ததும் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. காரணம், மூக்கில் ஏறிய வாடை.

பழைய மரத்தின் வாடை இல்லை. தூசியின் வாடையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் ஆண்டுக்கணக்காக நின்றவளுக்கு அது நன்றாகத் தெரியும். கட்டு மாற்றாமல் விட்ட புண்ணின் வாடை. கெட்டுப்போன பாலில் வெல்லத்தைக் கரைத்ததுபோல், தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு.

"ஏதோ நாத்தம் அடிக்கலை?" என்றாள்.

"லீவு நாள்லகூட ஆஸ்பத்திரிய மூக்குல மாட்டிக்கிட்டு வந்தா அப்படித்தான் அடிக்கும்" என்றாள் கூட வந்திருந்த டீச்சர்.

"இவ கல்யாணத்துக்கு வந்தாலும் மாப்பிள்ளைக்கு எங்க புண்ணுன்னுதான்டி பாப்பா" என்றாள் டெய்லர். அறையின் நடுவே இருந்த கண்ணாடிப் பெட்டியின் பித்தளை விளிம்பில் சாய்ந்துகொண்டு தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்ப்பது அபூர்வம். அதைக் கெடுக்க மனமில்லாமல் நர்ஸும் சிரித்தாள்.

பெட்டிக்குள் ஒருவன் கிடந்தான். உப்புச் சுரங்கத்தில் கிடைத்த உடல், பெயர் தெரியவில்லை என்று பலகை சொன்னது. பல நூற்றாண்டு உப்பு அவனைக் காய்ந்த புளியின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. கழுத்திலிருந்து பாதம்வரை முரட்டுத் துணி. இடது முழங்கையில் மட்டும் அதே துணியைத் தனியாகச் சுற்றியிருந்தார்கள். யாரோ அவசரமாகப் போட்ட கட்டு. கட்டின் நடுவே ஈரம். மஞ்சளாக, ஓரம் பச்சையாக, வெளிச்சத்தில் பளபளத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் பரவியது.

சீழைக் கழுவிவிட்டு அடுத்த நிமிஷமே சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவள் அவள். மனித உடம்பின் எந்தக் கசிவுக்கும் முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் நோயாளி நம்மை அல்ல, தன்னையே வெறுக்கத் தொடங்கிவிடுவார் என்று நம்புகிறவள். இன்று அவளுக்கே குமட்டியது. அதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் யாராவது கையை நீட்டினால் வழக்கமாக வாயில் வரும் வார்த்தை, கண்ணாடிக்கு மிக அருகில், தானாக வந்துவிட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. நாளைக்கு வந்து கட்டு மாத்திடறேன்."

அவள் மூச்சில் கண்ணாடி பனித்தது. அவள் முகத்தை விலக்கிக் கைக்குட்டையால் துடைத்தாள். வெளிப்பக்கம் சுத்தமானது. பனி போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

"ஸ்ஸ்" என்று டெய்லர் கையை உதறினாள். பித்தளை விளிம்பு ஆள்காட்டி விரலைக் கீறியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம். நர்ஸ் கைப்பையிலிருந்து துணியெடுத்துச் சுற்றிவிட்டாள்.

அடுத்த நாள் அவள் போகவில்லை. போவதாவது! செத்தவனிடம் உளறியதற்கு யாராவது பஸ் ஏறுவார்களா?

ஆனால் டெய்லர் வந்தாள். கட்டுப் போடும் அறையின் வாசலில், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். துணியைப் பிரிக்கும் முன்பே நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அதே வாடை. அதே இனிப்பு. சின்னக் கீறல் வாய் திறந்திருந்தது. விரல் கத்தரிக்காய்போல் வீங்கி மின்னியது. கழுவினாள், மருந்து வைத்தாள், தினமும் மாற்றினாள். தினமும் இன்னும் மோசமானது. ஒருநாள் பஞ்சில் வந்த சீழுக்குள் மெல்லிய இழைகள் இருந்தன. இடுக்கியால் ஒன்றை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது, விரலுக்குள்ளிருந்து, ஈரமாக, நீளமாக. பழுப்பு நிற முரட்டு நூல்.

தட்டில் அதைச் சுருட்டி மூடிவிட்டு, முகம் மாறாமல் புதுக் கட்டுப் போட்டாள். பிறகு கழிவறையில் வாந்தி எடுத்தாள்.

விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது, இல்லாவிட்டால் கைக்கு ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் ஆபரேஷன்.

"கத்தரி பிடிக்கிற விரல்டி" என்றாள் டெய்லர். சிரிக்கப் பார்த்தாள். "ஒரு விரல் குறைஞ்சா சட்டையில ஒரு பட்டனைக் குறைச்சுக்கலாமா? சொல்லு." கண்கள் நிறைந்து வழிந்தன. "வேற எனக்கு என்னடி தெரியும்?"

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவனிடம் சொன்ன 'நாளைக்கு' நர்ஸுக்கு நினைவு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலைன் பாட்டில், காஸ் துணி, இடுக்கி, கையுறை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். படியேற ஏற அது மங்கியது. ஓவியக்கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் மட்டும். வாடை கதவுக்கு வெளியிலேயே காத்திருந்தது. உள்ளறையில் காவலரின் நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கக் கதவு திறந்திருந்தது. பூட்டு உள்பக்கம் கிடந்தது.

திரும்பி ஓடிவிடலாம் என்று கால்கள் சொன்னன. கத்தரி பிடிக்கிற விரல் என்று அழுத தோழியின் முகம் நினைவில் வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கு முன்பும் சொல்வதையே சொன்னாள்: கடவுளே, என் கை பட்டு இவருக்கு வலிக்கக் கூடாது.

ஒட்டிப்போன கட்டை உலர்வாகப் பிய்க்கக் கூடாது. சலைனை ஊற்றி ஊறவிட்டாள். பழுப்புத் தண்ணீர் பெட்டியின் வெள்ளைத் துணியில் இறங்கியது. முனையைப் பிடித்துத் தூக்கினாள். தோலிலிருந்து துணி பிரியும் அந்தச் சத்தம். ஈர உதடுகள் பிரியும் சத்தம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முரட்டுத் துணிக்குக் கீழே வேறு துணி. வெள்ளை காஸ், ஆஸ்பத்திரி காஸ், ஓரம் மடித்துத் தைத்த பழைய மாதிரி. அதற்கும் கீழே பருத்தி. அதற்கும் கீழே லினன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முடிச்சு. வேறு வேறு கை.

இதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள்.

புண் தெரிந்தது. கறுத்த தோலின் நடுவே, சிவப்பாக, ஈரமாக, புதிதாக. விளிம்புகள் மெல்ல விரிந்தன. மெல்லச் சுருங்கின. கையுறைக்குள் சூடு தெரிந்தது. நாடி தெரிந்தது.

கழுவினாள். சீழ் வந்தது. இன்னும் வந்தது. மணிக்கட்டில் வழிந்து கையுறைக்குள் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. அவன் பார்க்கிறானோ என்னவோ. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றாள், எல்லோரிடமும் சொல்வதுபோலவே. மருந்து வைத்தாள். வெள்ளை காஸைச் சுற்றினாள். இறுக்காமல், தளராமல். முடிச்சுப் போட்டாள்.

பையில் போன் அதிர்ந்தது. தோளில் இடுக்கிப் பேசினாள்.

"எங்கடி இருக்க?" டீச்சரின் குரல். "இவ விரல் திடீர்னு வடிஞ்சிடுச்சுடி! நாத்தமே இல்ல. டாக்டர் ஆபரேஷன் வேண்டாங்கிறார். நீ என்ன மருந்து வெச்ச?"

"ஒண்ணுமில்ல. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்."

போனை வைத்தாள். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. கடன் தீர்ந்தது. அழுக்குத் துணிகளை உறையில் போட்டுக் கட்டினாள். கையுறையைக் கழற்றினாள்.

எத்தனையோ நோயாளிகளிடம் அவள் பார்த்திருக்கிறாள். வலிக்காமல் ஒரு புண்ணைக் கழுவிவிட்டால், அதுவரை யாரிடமும் காட்டாததைத் தயங்கித் தயங்கிக் காட்டுவார்கள். பரவாயில்லை, இவளிடம் காட்டலாம் என்று நம்பித் துணியை விலக்குவார்கள்.

பெட்டிக்குள் அசைவு.

புதுக் கட்டுப் போட்ட கை எழுந்தது. நெஞ்சில் மூடியிருந்த முரட்டுத் துணியைப் பிடித்தது. கூச்சத்தோடு, மிகமிக மெதுவாக, ஓரமாக விலக்கியது.

கழுத்திலிருந்து தொடைவரை புண்கள். இடைவெளியே இல்லாமல். அத்தனையும் ஈரமாக, அத்தனையும் வாய் திறந்து, அத்தனையும் மூச்சு விட்டுக்கொண்டு.