செண்டுப்பூ வழியில் வந்தவள்

முதல் பார்வையிலேயே காதல் வரும் என்பார்கள். எங்கள் ஊர் எவரிஸ்தோவுக்கு முதல் பார்வையில் வந்தது காய்ச்சல்! அவனை மட்டும் சொல்வானேன்... அன்று அவளைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் உடம்பு நடுங்கியது. தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற எனக்கும்தான். இந்த ரெமேதியோஸ் எதற்கும் பயப்படாதவள் என்று ஊரில் எனக்குப் பேர். அன்றைக்கு அந்தப் பேரும் போயிற்று.

நவம்பர் இரண்டாம் தேதி. செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாள். காலையிலிருந்தே தூறல், கூடவே மலையிலிருந்து இறங்கிய மூடுபனி. வேராகுரூஸிலிருந்து தலைநகருக்குப் போகும் பஸ் எங்கள் ஊர்ப் பாலத்தருகே நின்றுவிட்டது. பாலத்தின் மேல் தண்ணீர்.

"ஆறு மணிக்குக் கிளம்பும். மூணு தடவை ஹாரன் அடிப்பேன். வராதவங்களை விட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் சாப்பிடப் போய்விட்டான். மணி நாலு.

வெள்ளை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் கடைசியாக இறங்கினாள்.

ஒத்தீலியா செர்ராத்தோ! ஒன்பது படம். ஒன்பதிலும் செத்தவள். கிணற்றில் விழுந்து, விஷம் குடித்து, கல்யாண உடையில் ரத்தம் வழிய... பிறகு ஆவியாக வந்து கண்ணை விரித்துப் பார்ப்பாள். அந்தக் கண்! மழை பெய்து ஓய்ந்த குளம் மாதிரி, அசையாமல், கறுப்பாக... அந்தக் கண்ணுக்காகவே அவளை எல்லோரும் சாகடித்தார்கள்.

பத்தாவது படத்தில் சவப்பெட்டிக் காட்சி. மூடி சிக்கிக்கொண்டது. ஏழு நிமிடம் உள்ளேயே கிடந்தாள். திறந்ததும் எழுந்தாள், ஓடினாள், அக்கா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது தயாரிப்பாளரிடமிருந்து கடிதம். 'நவம்பர் மூன்றாம் தேதி காலை ஸ்டூடியோவுக்கு வந்து பெட்டிக் காட்சியை முடித்துக் கொடு. இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் எந்தப் படத்திலும் நடிக்க முடியாது.' அந்தக் கடிதம் அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது. போனால் பெட்டி. போகாவிட்டால் நடிப்பே இல்லை. நடிப்பைத் தவிர அவளுக்கு வேறு என்ன தெரியும்?

பசி வேறு. தெருவோரப் பூக்காரியிடம் போனாள்.

"அம்மா, காப்பி எங்கே கிடைக்கும்?"

பூக்காரி நிமிர்ந்தாள். முகம் வெளுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு, கூடையை இழுத்து வழி விட்டாள். பதிலே இல்லை.

ரொட்டிக் கடைக்காரன் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். அவனும் பேசவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. வந்திருக்கிற ஆத்மாவை மறித்துப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. போகிற இடத்துக்குப் போக விட வேண்டும்.

'ஏன் யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க...?'

ஒத்தீலியாவின் கால் தானாக வேகம் பிடித்தது. தெருவெல்லாம் சேறு. நடுவில் மட்டும் செண்டுப்பூ இதழ்களைத் தூவி ஒரு மஞ்சள் பாதை. செத்தவர்களுக்காகப் போட்ட வழி, மிதிக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் சேற்றில் செருப்பு புதைந்தது. வேறு வழியில்லாமல் பூவின் மேலேயே நடந்தாள்.

அந்தப் பாதை நேராக எங்கள் தியேட்டருக்குள் வந்து முடிந்தது.

நான் டிக்கெட் சன்னலில் இருந்தேன். பூ மேல் நடந்து வந்த அந்த முகத்தைப் பார்த்தேனா... "மாதாவே!" என்று ஓடினேன். ரொம்ப தூரம் இல்லை. சன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அதனால்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்; அவள் மனசில் ஓடியதைப் பின்னால் அவளே சொன்னாள்.

முன்கூடத்தில் எவரிஸ்தோ வருஷா வருஷம் வைக்கிற படையல். மூன்று அடுக்கு. சாம்பிராணிப் புகை. மெழுகுவத்திகள். இறந்துபோன நடிகர்களின் போட்டோக்கள். அவற்றுக்கு நடுவில், கறுப்பு ரிப்பன் கட்டி...

அவளுடைய போட்டோ.

கீழே ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, சர்க்கரை தூவிய ரொட்டி. ஓர் அட்டையில் எழுத்து. 'ஒத்தீலியா, மெதுவா வாங்க. விளக்கு எரியும்.'

அவள் அட்டையை இரண்டு தடவை படித்தாள். மூன்று வருஷமாகத் தினமும் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி நெஞ்சுக்குள் எழுந்தது. 'அந்த மூடியை நிஜமாவே திறந்தாங்களா... இல்லை, திறந்ததா நான் நினைச்சுக்கிட்டேனா?'

மாடிப்படியில் காலடி. படம் ஓட்டுகிற எவரிஸ்தோ, ஆவி பறக்கும் சாக்லேட் பானத்தோடு இறங்கி வந்தான். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, பெண்கள் கூட்டமாக வந்தாலே அறைக்குள் ஒளிகிற ஆள். அவளைப் பார்த்தான். நின்றான்.

"வந்துட்டீங்களா..." என்றான், குரல் கம்ம. "நனைஞ்சிருக்கீங்களே, செனோரிட்டா. அங்கேயும் மழையா?"

"எங்கே?"

அவன் கோப்பையைப் படையலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றான்.

"நான்..." அவள் தன் போட்டோவைக் காட்டினாள். "நான் எப்போ செத்தேன்?"

"மூணு வருஷம் ஆச்சு."

"எப்படி?"

"பெட்டிக்குள்ள" என்றான் மெதுவாக. "பாவம், உங்களுக்கே தெரியாதா?"

என் கைரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். புகைக்குள் அவள் முகமும் போட்டோவில் இருந்த முகமும் ஒரே வெளுப்பு.

"பயப்படாதீங்க" என்றான் எவரிஸ்தோ. "இன்னைக்கு ஒரு நாள் உங்களுக்கு லீவு மாதிரி. உட்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்... உயிரோட இருந்தப்ப சொல்லலை. எங்க போய்ச் சொல்றது? நீங்க நட்சத்திரம், நான் இருட்டு அறையில ரீல் சுத்தற எவரிஸ்தோ. உங்க மூணாவது படம் வந்தப்ப, ஒரு காட்சியில ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே சிரிப்பீங்க. அந்தச் சிரிப்புக்காக ஒரு வாரம் தூங்கலை நான். அப்புறம் வந்த ஒவ்வொரு படத்துலயும் அந்தச் சிரிப்பைத் தேடினேன். யாருமே உங்களைச் சிரிக்க விடலை. நான் உங்களை விரும்பினேன், ஒத்தீலியா. செத்ததுக்கப்புறமும்தான்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த ஊமைக் கோட்டானா இவ்வளவு பேசுகிறது!

அவளோ சுவரை விட்டுப் படையலருகே வந்தாள். இப்படி யாருமே தன்னிடம் சொன்னதில்லையே... செத்த பிறகா வரவேண்டும், இந்தக் குரல்? காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிறு அந்த நேரம் பார்த்துக் கடமுடவென்று சத்தம் போட்டது. கை தானாக நீண்டது. படையல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். ஆரஞ்சுத்தோல் வாசனை, சர்க்கரை, வெண்ணெய்... அடடா! கூடவே சாக்லேட்டை எடுத்து ஒரு மடக்கு...

"ஸ்ஸ்... ஆ! நாக்கு வெந்துபோச்சு!"

எவரிஸ்தோ அலறினான்.

"சாப்பிடறீங்க!"

"பசிச்சா சாப்பிடக் கூடாதா?"

"செத்தவங்க வாசனையைத்தானே எடுத்துப்பாங்க! ருசி போன ரொட்டியைத்தானே நாங்க அப்புறம் தின்போம்! நீங்க... நீங்க மென்னு முழுங்கறீங்களே!"

ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். படபடவென்று அடித்தது நாடி. ஒரு நிமிடம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் முகம் குங்குமமாய்ச் சிவந்தது. கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து, மெழுகுவத்தி ஒன்றைத் தட்டிவிட்டான்.

"உயிரோடவா இருக்கீங்க...? ஐயோ, நான் என்னென்னவோ உளறிட்டேனே!"

அவளுக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்தாற்போல் கோபம்.

"யாரைக் கேட்டு என்னைச் செத்தவங்களோட வச்சே? உயிரோட இருக்கறவங்க போட்டோவை வச்சா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? சாவைக் கூப்பிட்டு வாசலைக் காட்டற மாதிரி இல்ல?"

அவன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். சினிமாப் பத்திரிகையின் ஒரு பக்கம். கறுப்புக் கட்டம். சவப்பெட்டியில் கண் மூடிய அவள். 'பெட்டியிலிருந்து அவள் எழவேயில்லை' என்று கொட்டை எழுத்து. எங்கள் ஊரே படித்து அழுதது அதை.

"விளம்பரம்டா இது!" அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து வந்தது. "படத்துக்கு விளம்பரம்! அந்தப் படம் முடியவே இல்லை. அதை முடிக்கத்தான் இப்போ போறேன். எல்லாருக்கும் என்னைச் செத்தவளாத்தான் பிடிக்குது. ஒன்பது டைரக்டருங்க. பத்தாவதா நீ. நீ விரும்பினதும் ஒரு பிணத்தைத்தானே!"

கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அது அவனுக்குச் சுருக்கென்றது. "நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான். ஒரு பிஸ்கட் டின்னோடு இறங்கினான். மூடியைத் திறந்தான். உள்ளே சுருள் சுருளாக பிலிம் துண்டுகள்.

"எண்ணிப் பாருங்க. ஒன்பது."

"என்ன இது?"

"நீங்க சாகற காட்சிங்க. ஒவ்வொரு படப்பெட்டி வந்ததும் அதை வெட்டி எடுத்துடுவேன். நீங்க உயிரோட இருக்கற இடத்துலயே லைட்டைப் போட்டுடுவேன். படப்பெட்டி திரும்பிப் போறப்ப 'பிலிம் அறுந்துபோச்சு'ன்னு எழுதி அனுப்புவேன்." அவன் குரல் உடைந்தது. "இந்த ஊர்ல உங்களை நான் ஒரு தடவைகூடச் சாக விட்டதில்லை, செனோரிட்டா. அந்தப் பத்திரிகையைத்தான் என்னால வெட்ட முடியலை."

அட பாவி! அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு படத்துக்கும் முடிவே இல்லையா? சென்ஸார்காரனை அல்லவா நாங்கள் இத்தனை வருஷம் சபித்தோம்!

அவள் அப்படியே நின்றாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கிணற்றடி. அடுத்தது, விஷக் கோப்பை. அடுத்தது... எல்லாம் அவள் முகமே. ஒவ்வொருத்தியும் ஒரு மூடியைத் திறக்கச் சொல்லிக் காத்துக் கிடந்தவளாகத் தெரிந்தாள்.

"இவங்களுக்கு யாராவது படையல் வச்சாங்களா?"

"இல்லையே..."

அவள் படையலிலிருந்து தன் போட்டோவை எடுத்தாள். கறுப்பு ரிப்பனை அவிழ்த்தாள். அந்த இடத்தில் டின்னைத் திறந்தபடி வைத்தாள்.

"மெழுகுவத்தியை விட்டுத் தள்ளி வைங்க, பிலிம் குப்புன்னு பிடிச்சுக்கும்" என்றான் அவன். அப்போதும் தொழில் புத்தி! அவள் தள்ளி வைத்தாள். ரிப்பனை டின்னைச் சுற்றிக் கட்டினாள்.

காற்றே இல்லை. இது என் மேல் ஆணை. கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் எல்லாச் சுடரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பூப்பாதையில் சரசரவென்று சத்தம்... ஒருத்தர் நடந்தால் வருகிற சத்தமில்லை, பலபேர் நடந்து வருகிற சத்தம். பிறகு சுடர்கள் நிமிர்ந்தன.

பாலத்துப் பக்கம் முதல் ஹாரன் அடித்தது.

ஒத்தீலியா தான் பிய்த்த ரொட்டியின் மிச்சத்தை எடுத்து ஒரு வாய் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். அவனிடம் நீட்டினாள். அவனும் கடித்தான்.

சர்க்கரை இல்லை. வெண்ணெய் இல்லை. ஆரஞ்சு வாசனை துளியும் இல்லை. மாவுகூட இல்லாத வெறும் சக்கை.

"ஒன்பது பேரும் வந்து... சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க" என்றான்.

அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எவரிஸ்தோ."

"ம்..."

"முன்ன சொன்னியே... அதை இப்போ சொல்லு."

"அது... செத்தவங்ககிட்ட சொல்றப்ப, திருப்பிச் சொல்ல மாட்டாங்கங்கற தைரியம் இருந்துச்சு."

இரண்டாவது ஹாரன்.

"நேரமில்லை. சொல்லுடா!"

"உங்களை விரும்பறேன்" என்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொல்லிவிட்டான். "படத்துல வர்றவளை இல்லை. நாக்கு வெந்துபோச்சுன்னு கத்தினவளை."

அவள் சிரித்தாள். ஆரஞ்சு உரித்த அந்தச் சிரிப்பு! சன்னலுக்குக் கீழே இருந்த எனக்கே தெரிந்தது, அவன் ஒரு வாரம் தூங்காததில் தப்பே இல்லை.

பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். மறுபடி உள்ளே வைத்தாள்.

"பெட்டியில படுக்கப் போறீங்களா?" அவன் குரலில் அழுகை.

"ஸ்டூடியோவுக்குப் போறேன். முகத்துக்கு நேரா, 'பெட்டிக்குள்ள படுக்க மாட்டேன், உயிரோட நடிக்க வேஷம் இருந்தா குடு'ன்னு சொல்லப் போறேன். இல்லேன்னா போகட்டும். ஒன்பது பேரை இங்கே விட்டுட்டுப் போறேன், இனிமே யாரும் என்னைப் பெட்டிக்குள்ள தள்ள முடியாது." தன் போட்டோவை அவன் கையில் வைத்தாள். "இதை வாசல் கண்ணாடிப் பெட்டியில மாட்டு. அடுத்த படம் பேர் போடற இடத்துல."

மூன்றாவது ஹாரன். கதவைத் திறந்து, மழையில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள். குளம் மாதிரிக் கிடந்த கண்ணில் இப்போது அலை.

"செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல வருவேன். வழிக்குப் பூப் போடாதே, எவரிஸ்தோ. எனக்கு வழி தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும்தான்டா..." என்றாள்.

ஓடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் நாலரைக்கு வந்தது. வெயில் அடித்தது. எவரிஸ்தோ காலையிலிருந்து ஆறு தடவை தலை சீவியிருந்தான். வெள்ளைக் கோட்டு சேற்றில் தப்புத்தப்பென்று மிதித்துக்கொண்டு வந்தது. தூரத்திலிருந்தே கத்தினாள்:

"மாட்டேன்னு சொல்லிட்டேன்!"

நான் டிக்கெட் சன்னலில் இருந்தேன். இந்தத் தடவை ஓடவில்லை.