நண்டு வீடியோ யாருடையது?

அம்மாவின் கைப்பேசியில் வந்திருந்த செய்தியை ஜொவிட்டா மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் புரியவில்லை.

‘நீங்கள் போட்ட நண்டு வீடியோ வேறொருவருடையது. அதை நீக்கிவிட்டோம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் உங்கள் சேனல் மூடப்படும்.’

“வேறொருத்தரா? பேசினது நான்தானே!”

“அந்தச் சேனல்லதான் என் கணக்குப் பாடம் தொண்ணூறும் இருக்குடி,” என்று அம்மா தலையில் கைவைத்தார். அவரிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் புத்தகம் மாதிரி.

செய்தியின் கீழே ஒரு கேள்வி: ‘வீடியோ உங்களுடையதா?’ ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

‘ஆம்’ என்று தொடப்போன ஜொவிட்டாவின் விரல் நின்றது. வீடியோவில் நண்டு வளை தோண்டுவதைப் படம் படமாக வரைந்தவள் கீழ்வீட்டு ஜுவேரியா. அப்படியானால் ‘இல்லை’யா? ஆனால் குரல் தன்னுடையதாயிற்றே!

“பெசன்ட் நகர் பீச்ல நண்டைப் பார்த்துதானே வரைஞ்சீங்க? அப்போ அந்த நண்டையே போய்க் கேளுக்கா,” என்றான் தம்பி ஆஸ்டின்.

ஜொவிட்டா கைப்பேசியோடு கீழே ஓடினாள்.

“ஏய் ஜுவே, என் மேல புகார் குடுத்தியா?”

“இன்னாடி உளர்ற? நான் எதுக்குக் குடுக்கப்போறேன்?”

ஜுவேரியாவின் வாப்பா தலையைச் சொறிந்தார். “நேத்து எங்க சேனல்லயும் அதைப் போட்டோம்ல? யாரும் திருடக் கூடாதுன்னு ஒரு கட்டத்தை டிக் பண்ணேம்மா. அது உன்னையே பிடிச்சிருச்சு!”

ஜொவிட்டா ‘ஆம்’ கட்டத்தின் கீழிருந்த வரியைப் படித்தாள். “நான் ‘ஆம்’னு போட்டா உங்க வீடியோவ எடுத்துடுவாங்களாம்.”

“ஐயோ, போடாத!” என்றாள் ஜுவேரியா.

“போடலைன்னா அம்மா சேனல் போயிடும்.”

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு கட்டங்களையும் தொடாமல், ஜொவிட்டா பக்கத்தைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ‘வேறு விளக்கம்’ என்றிருந்தது.

‘குரல் ஜொவிட்டா. படம் ஜுவேரியா. இருவரும் சேர்ந்து செய்தது. இரண்டு சேனலிலும் இருக்கலாம்’ என்று எழுதினாள். “அனுப்பட்டுமா?”

“என் பேரை முதல்ல போடு. நான் வரைஞ்ச பிறகுதானே நீ பேசின?”

ஜொவிட்டா யோசித்தாள். அது சரிதான். மாற்றி எழுதி அனுப்பினாள். வாப்பாவும் தம் பக்கம் அதையே எழுதி, டிக்கை எடுத்துவிட்டார்.

மறுநாள் மாலை வீடியோ திரும்பி வந்தது. அம்மாவின் பாடங்களும் தப்பின.

திங்கட்கிழமை அறிவியல் மிஸ் அந்த வீடியோவை இருவரும் படிக்கும் வகுப்பில் போட்டுக் காட்டினார். “பிரமாதமா இருக்கே! யாரு செஞ்சது?”

இரண்டு கைகள் உயர்ந்தன.

“யாராவது ஒருத்தர்தான் கை தூக்கணும்,” என்றார் மிஸ்.

இரண்டு கைகளும் இறங்கவில்லை.