பின்னால் வந்த வண்டி

"அம்மா, நம்ம வண்டி குதிக்கிறப்போ பின்னாடி வர்ற வண்டிக்கு வலிக்காதா?"

மதுரைக்குப் போகும் சரச்சாலையில், பின் இருக்கையில் படுத்துக்கொண்டு மகிழினி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். "வண்டிக்கு எங்கடி வலிக்கும்? கண்ண மூடிப் படு."

அந்தக் கேள்வி இரண்டரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், மெக்கானிக் சூசையின் பட்டறையில் ஜெயக்கொடியைத் தேடி வந்தது.

சரச்சாலை வந்த பிறகு கோவில்பட்டியிலிருந்து மதுரை ஐம்பது நிமிடம்தான். சாலையில் ஏறியதும் வண்டியில் உள்ள சரப்பிணை என்ற சிறு பெட்டி முன்வண்டியையும் பின்வண்டியையும் பிடித்துக்கொள்ளும். பூத்தொடுத்தது போல, ஒரு முழ இடைவெளியில், நூறு வண்டிகள் ஒன்றாகவே வேகம் கூட்டியும் குறைத்தும் போகும். ஓட்டுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். ஒரே ஒரு நிபந்தனை, வண்டி அதிரக் கூடாது. ஒரு வண்டி குலுங்கினால் பின்வண்டி திடுக்கிடும். அது அதன் பின்வண்டிக்குப் போகும். கடைசி வண்டி வரைக்கும் அந்த அலை ஓடும். அதனால் ஒவ்வொரு குலுக்கலையும் பின்வண்டியின் பிணை குறித்து முன்வண்டிக்கு அனுப்பும். பத்துக் குலுக்கலுக்கு ஒரு புள்ளி. முப்பது புள்ளி சேர்ந்தால் அடுத்த விலக்குப் பாதையிலேயே வண்டியை இறக்கிவிடுவார்கள். ஒரு வருடத்துக்குச் சரத்தில் இடம் கிடையாது.

ஜெயக்கொடியின் காருக்கு இருபத்தெட்டுப் புள்ளி விழுந்திருந்தது.

மகிழினிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ரத்தம் ஏற்ற வேண்டும். அவளுக்கு ஒத்துக்கொள்ளும் ரத்தத்தைப் பிரித்துத் தரும் இடம் மதுரையில்தான் இருந்தது. ஏற்றி முடித்தால் பிள்ளை துவண்டுவிடும். பின் இருக்கைதான் அவளுக்குக் கட்டில். லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய சாலையில் போனால் ஐந்து மணி நேரம். அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். புது வண்டி இப்போதைக்கு நினைத்தும் பார்க்க முடியாது. அடுத்த செவ்வாய்க்கு மூன்றே நாள் இருந்தது.

"மூணு பட்டறையில கேட்டுட்டேன் அண்ணாச்சி. வண்டிய மாத்திருங்கன்னு ஒரே பாட்டு."

"அவனுக புது வண்டிக்காரனுக. அதுல கியரே கிடையாது, மோட்டார் சீரா இழுக்கும். இது தானா கியர் மாத்துற பழைய கியர் பெட்டி. அடியில படுத்துப் பாக்கணும்லா, சட்டை அழுக்காயிரும்" என்றார் சூசை. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, யாரோ பின்னாலிருந்து காலால் உதைத்தது போல வண்டி எகிறியது.

"ஏ ஆத்தாடி! எருமைக்கன்னுல்லா துள்ளுது. எத்தன நாளா இப்படி?"

"போன ரெண்டு தடவையாத்தான் புள்ளி விழுது."

"நான் புள்ளிய கேக்கலம்மா. உங்க இடுப்புக்கு எப்போ தெரிஞ்சுது?"

ஜெயக்கொடி யோசித்தாள். தெரிந்திருந்தது. வெகுநாளாகவே தெரிந்திருந்தது. புள்ளி விழாததால் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பிணை சொல்லாத வலியை யாரும் வலியாக எடுத்துக்கொள்ளாத காலம் அது.

சூசை வண்டியை ஏற்றி, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. தட்டில் ஒட்டியிருந்த காந்தத்தை விரலால் வழித்தார். விபூதி போல இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டது.

"உள்ள கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கு. இது ரெண்டு மாசத்து வேலையில்ல, ரெண்டு வருசத்துக்கு மேல. அப்படின்னா புள்ளி எங்க போச்சு?"

சரப்பிணையைத் தன் திரையோடு இணைத்து, பழைய பதிவுகளைத் திறந்தார். வரிவரியாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. குலுக்கல் நூற்று நாற்பது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே சொல்: 'தாங்கப்பட்டது'. அடுத்த பயணம், நூற்று முப்பத்தாறு. தாங்கப்பட்டது. இப்படியே நாற்பத்தொரு பயணம். கடைசி இரண்டில் மட்டும் அந்தச் சொல் இல்லை.

"இது என்ன அண்ணாச்சி?"

"பிணையில பச்சையா ஒரு பட்டை இருக்குல்லா, அது. முன்வண்டி குலுங்குச்சுன்னா 'பதியவா, தாங்கவா'ன்னு பின்வண்டிக்காரன்கிட்ட கேக்கும். பேசாம இருந்தா பதிஞ்சிரும். பச்சைய அமுக்குனா அந்த அதிர்ச்சிய அவன் வண்டி பிரேக்கிலேயே வாங்கிக்கிடும். பின்னால போகாது, உங்க பேர்லயும் ஏறாது. ஆனா ஒவ்வொரு தடவையும் அவன் வண்டி கொஞ்சம் பின்தங்கும், பிரேக்கும் தேயும். சாவு வண்டிக்கும் பிரசவத்துக்குப் போற வண்டிக்கும்னு வச்சது. யாரு அமுக்குதா? முன்ன போறவனுக்குத் தெரியக்கூடச் செய்யாது."

"யாருன்னு போட்டிருக்கா?"

"பேரு வராது. ஆனா செவ்வாய்க்குச் செவ்வாய், அதே நேரம். ஒரே ஆளாத்தான் இருக்கணும்."

ஜெயக்கொடிக்கு நினைவு வந்தது. வெள்ளை வேன். முகப்பில் காய்ந்த வேப்பிலைக் கொத்து. மகிழினி பின்கண்ணாடி வழியாகக் கையசைத்து, 'வேப்பிலை வண்டி' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த வண்டி எப்போதும் பின்தங்கித்தான் வரும். அப்படிப் பின்தங்கும்போதெல்லாம் ஜெயக்கொடியின் பிணை 'பின்னிணைப்பு தளர்வு' என்று கீச்சிட்டுப் பிள்ளையை எழுப்பிவிடும். ஒருநாள் பொறுக்காமல் பிணையின் பேச்சுக்குழாயில் கத்தியிருந்தாள்: "ஏன்யா, சோறு தின்னுட்டுத்தான் வண்டியெடுத்தீரா? ஒழுங்கா ஒட்டி வரத் தெரியாதா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல், "மன்னிச்சிருங்கம்மா" என்றது. அவ்வளவுதான். போன இரண்டு பயணங்களிலும் அந்த வேன் வரவில்லை. தொல்லை விட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீக" என்றார் சூசை. "அன்னைக்கே ஒரு புள்ளி விழுந்திருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பீக. ஆயில் மாத்துனதோட போயிருக்கும். இப்போ தட்டு மாத்தணும்."

"அப்போ அவரு செஞ்சது தப்பா அண்ணாச்சி?"

சூசை கந்தல் துணியில் கை துடைத்தார். "அப்படி எப்படிச் சொல்ல? கண்ணாடி வழியா புள்ள படுத்திருக்கிறதப் பாத்திருப்பாரு. இறக்கிவிட்டுட்டா என்ன ஆகும்னு நினைச்சிருப்பாரு. ஒருத்தர் தாங்குதாரு, அது அவரு மனசு. நமக்குத் தெரிய வேண்டாமா, தாங்குதாகன்னு?"

அதை அன்றே கேட்டிருந்தவள் மகிழினிதான், ஆறு வயதில்.

அன்று மாலைக்குள் தட்டுகளை மாற்றி, வால்வுகளைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினார் சூசை. மறுநாள் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்துக்கு வரச் சொன்னார். கியர் பெட்டிக்கு ஒரு பழக்க நினைவு உண்டு. தேய்ந்த தட்டுக்குத் தகுந்தபடி அழுத்தி அழுத்தி உதைக்கப் பழகியிருந்தது அது. அந்த நினைவை அழித்துவிட்டு, புதிதாகக் கற்றுத்தர வேண்டும்.

"நான் ஓட்டுனா என் காலைப் படிச்சிரும். நீங்களே ஓட்டுங்க. மெல்ல எடுத்து, மூணாம் கியர் வரைக்கும் போயி, நிறுத்துங்க. நாப்பது தடவை. கோவத்தோட மிதிச்சா கோவத்தைத்தான் படிக்கும், பாத்துக்கிடுங்க."

நாற்பது தடவை போய் வந்தாள். முதலில் முரண்டு பிடித்தது. இருபதுக்கு மேல் தணிந்தது. கடைசியில் கியர் மாறுவதே தெரியவில்லை. ஆனாலும் ஜெயக்கொடியின் இடுப்பு ஒவ்வொரு முறையும் அந்த உதைக்காகக் காத்திருந்தது.

செவ்வாயன்று மதுரை வரை ஒரு புள்ளிகூட விழவில்லை. பின்னால் யாரோ புதியவர் வந்துகொண்டிருந்தார். ரத்தம் ஏற்றி, பிற்பகலில் திரும்பும்போது மகிழினி உறங்கிவிட்டாள்.

விருதுநகர் விலக்கில் ஒரு பழைய சிவப்புக் கார் அவளுக்கு முன்னால் சரத்தில் ஏறியது. ஏறியதுமே எகிறியது. ஜெயக்கொடியின் பிணையில், அவள் இதுவரை கண்டிராத கேள்வி ஒளிர்ந்தது: 'முன்வண்டி அதிர்வு. பதியவா? தாங்கவா?'

பச்சையை அமுக்கினாள். பிரேக் முனகி, வண்டி ஒரு கணம் தளர்ந்து, மறுபடி நெருங்கியது. அடுத்த குலுக்கல். அமுக்கினாள். சாத்தூர் வருவதற்குள் விரல்நுனி மரத்துவிட்டது. இதை அந்த வேன்காரர் நூற்று நாற்பது முறை, நாற்பத்தொரு பயணம் செய்திருந்தார்.

பேச்சுக்குழாய் கரகரத்தது. சிவப்புக் காரிலிருந்து ஒரு இளைஞனின் குரல். "ஹலோ, பின்னாடி வர்றவங்க! தூங்கிக்கிட்டா வாரீங்க? என் பிணை கத்திக்கிட்டே இருக்கு. ஒட்டி வாங்க!"

ஜெயக்கொடி பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை விழிக்கவில்லை.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றாள்.

சாத்தூர் விலக்கில் சிவப்புக் கார் தேநீருக்காக ஒதுங்கியது. அவளும் ஒதுங்கினாள். அந்த இளைஞன் கடைக்குள் போனதும், ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்: 'உங்கள் வண்டி கியர் மாறும்போது குலுங்குகிறது. எண்ணெயை உடனே பாருங்கள். சூசை பட்டறை, கோவில்பட்டி.' அதற்குக் கீழே, 'அதுவரை பின்னால் நான் வந்தால் தாங்கிக்கொள்கிறேன்' என்று இன்னொரு வரியும் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள்.

கீழ்வரியை மட்டும் கிழித்து, கசக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மேல்துண்டைச் சிவப்புக் காரின் மழைத்துடைப்பானுக்கு அடியில் செருகினாள்.

அவன் கடையிலிருந்து வெளியே வருவதற்குள், வண்டியை அலுங்காமல் எடுத்துச் சரத்தில் சேர்த்தாள்.