எந்தப் புட்டி எந்தக் கை?

இந்தக் காலத்து ஆட்களுக்கு எழுதக்கூடத் தெரியவில்லை. ஈரத்துணி பட்டாலே ஓடிப்போகிற மையில் எழுதுவார்களாம். பிறகு துடைத்தவன் தலையை உருட்டுவார்களாம்!

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பெரியவர் இப்படித்தான் முணுமுணுத்தார். துடைத்தவர் அவர்தான். மேசையில் இரண்டு புட்டிகள். இரண்டிலும் ஒரே மஞ்சள் நீர். ஒன்றில் 'இ', மற்றதில் 'வ' என்று எழுதியிருந்தது. இப்போது இரண்டும் பளபளவென்று மொட்டை.

"எட்டு மாச உழைப்பு, ஐயா!" டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு அனுப்பணும். எது எதுன்னு காட்டுற மெஷினும் ரிப்பேருக்குப் போயிருக்கு. ரெண்டையும் கொட்ட வேண்டியதுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? ஒரே நிறம், ஒரே நாத்தம்."

பள்ளி விடுமுறை என்று அம்மாவோடு வந்திருந்தாள் டாக்டரம்மாவின் பத்து வயது மகள். அங்கே அவளுக்குப் பெயர் வாலு. அவள் பெரியவரின் கையைப் பார்த்தாள். ரப்பர் உறை போட்டிருந்தார்.

"தாத்தா, இடது கை ரப்பர் உறையை வலது கையில மாட்டுங்க பாப்போம்."

மாட்டினார். கட்டைவிரல் எங்கோ போய் முட்டியது.

"அதே மாதிரிதான். இந்த ரெண்டு புட்டியிலயும் இருக்கிறது உலோகச் சேர்மம். ஒண்ணு இடது, ஒண்ணு வலது. உப்பு தண்ணியில கரைஞ்சா எதிர்மின் அயனி வரும்ல? சில உப்புல அதுக்கும் இடது, வலது உண்டு. தனக்குப் பொருந்துறதைத்தான் சேர்மம் கெட்டியாப் பிடிக்கும். பிடிச்சா சிவக்கும்."

"போ குட்டி, கதை விடாதே."

வாலு அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, எந்த உப்பு இடது, எது வலதுன்னு அடையாளம் கண்டுக்கணும்னுதானே இதைச் செஞ்சே? அப்போ அதையே கேளேன்! வலது உப்பு அலமாரியில இருக்கே."

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "அட, இத்தனை படிச்சும் எனக்குத் தோணலையே!"

இரண்டு புட்டிகளிலிருந்தும் தனித்தனிக் குழாயில் கொஞ்சம் ஊற்றினார். வலது உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பெரியவர் குழாய்களுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

முதல் குழாய் லேசாக ஆரஞ்சானது. இரண்டாவது செக்கச்செவேலென்று சிவந்தது.

"இதுதான் வலது!" வாலு குதித்தாள். "அம்மா, தாத்தாவைத் திட்டக் கூடாது, சரியா?"

"எதுக்குத் திட்டணும்? அழியாத மையில எழுதாதது என் தப்பு."

பெரியவருக்குப் போன உயிர் திரும்பியது. அதற்காக விட்டுக்கொடுப்பாரா?

"சிவந்தது நெசம், இல்லேங்கல. ஆனா கண்ணுக்கே தெரியாததுக்குக் கை இருக்காம், அது ஆள் பார்த்துக் கை குடுக்குமாம்! யார் காதுல பூ சுத்துறீங்க?"

வாளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.