எட்டு கோர்... ஒரு கொலை!

கம்ப்யூட்டர் திரையில் சிங்காரவேல் செத்துக்கொண்டிருந்தான்!

பந்தல்காரன் சிங்காரவேல். விடிந்ததிலிருந்து ஆளைக் காணோம் என்று கல்யாண மண்டபமே தேடிக்கொண்டிருக்கிற அதே சிங்காரவேல்!

நேற்றைய ரிசப்ஷனில், பந்திக்கூடத்துக்குப் பின்னால் அணைக்காமல் விட்ட கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அவன் கழுத்தைத் துண்டால் இறுக்குகிற ஆள்... மாப்பிள்ளையின் சித்தப்பா ராஜ்மோகன்!

ஸ்டூடியோக்காரி சண்முகப்ரியா இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

தடால்!

ஷட்டர் இறங்கியது. உள்ளே நின்றது... ராஜ்மோகன். தோளில் அதே துண்டு!

மந்தாரக்குப்பத்தின் அந்தக் குறுகலான கடைக்கு வேறு வாசல் கிடையாது.

"பாத்துட்டியாம்மா? அங்க கேமரா இருந்துதுன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எ... எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?"

"மாப்பிள்ளப் பையன் வெறும் கான்ட்ராக்ட் வேலைதான். மைன்ஸ்ல பர்மனென்ட்டுன்னு சொல்லி கல்யாணத்த முடிச்சேன். இந்த சிங்காரவேலு பொண்ணு வூட்ல போட்டுக்குடுக்கறேன்னு நின்னான். அழி அத!"

"முகூர்த்தம் லைவ் இங்கேருந்துதான் மண்டபத்து ஸ்கிரீனுக்கும் போய்க்கினு இருக்கு சார்... ஷிஃப்ட்ல இருக்கற சொந்தக்காரங்கல்லாம் பாக்கறாங்க..."

"அதையும் நிறுத்து!"

சண்முகப்ரியாவின் விரல்கள் கீபோர்டில் ஓடின.

"நிறுத்திட்டேன் சார். வீடியோவையும் அழிச்சிட்டேன்."

"என்கிட்டயேவா? கம்ப்யூட்டர் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுமே... அதப் போடு!"

போட்டாள்.

சி.பி.யு. உபயோகம் 12%.

ராஜ்மோகன் இளித்தான்.

"என் கடை கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ ஓடினாலே நூறத் தொடும். பன்னெண்டுன்னா லைவ் நின்னுடுச்சு, சும்மா கெடக்குது!"

துண்டை முறுக்கினான்.

"வேணாம் சார்! யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்!"

"சிங்காரவேலும் கடைசியில இதத்தான் சொன்னான்."

துண்டு கழுத்தில் விழுந்தது. மூச்சு முட்டியது... கண் இருட்டியது...

அவன் பாக்கெட்டில் போன் அலறியது! மனைவி ஆதிலட்சுமி. எடுக்காவிட்டால் தேடி வருவாள். ஒரு கையால் எடுத்தான்.

"அடப் பாவி மனுசா! மண்டபத்து ஸ்கிரீன்ல நீ சிங்காரவேலு கழுத்த நெரிச்சிகினு இருக்க! சனமே பாக்குது! போலீசோட ஸ்டூடியோவுக்கு ஓடியாறாங்க!"

துண்டு நழுவியது.

"பன்... பன்னெண்டுதானே காட்டுச்சு?"

சண்முகப்ரியா இருமிக்கொண்டே எழுந்தாள்.

"இதுல எட்டு கோர் சார், எட்டு மூளை மாதிரி. ஒரு கோர் முழுமூச்சா ஓடினாலும் மொத்தக் கணக்குல பன்னெண்டுதான் காட்டும். அந்த ஒண்ணுதான் உங்க வீடியோவ லைவ்ல விட்டுக்கினு இருக்கு!"

வெளியே ஷட்டரை உதைத்தார்கள். போலீஸ் விசில்!

"மீதி ஏழு கோர் சும்மாதான் சார் இருக்கு... உங்கள அரெஸ்ட் பண்றதையும் லைவ்ல போட்டுடவா?"